இரண்டு உண்மை, ஒரு பொய்

மயூர் விஹார் ஃபேஸ் ஒன்,
டெல்லி.
புதன்கிழமை.

சிரஞ்சீவி பட்டாபிக்கு, அத்திம்பேர் சேஷன் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. இங்கு நான் பரம சௌக்கியம். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. கும்பகோணத்தில் உன் அகத்தில் எல்லோரும் அவ்வண்ணமே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ ஸ்பீட் போஸ்டில் அனுப்பிய வகுப்பறைப் பயிற்சிகள் கிடைக்கப்பெற்றேன். அவற்றை அமல்படுத்தியதில் நேர்ந்த விவரங்களைக் கீழே தெரிவிக்கிறேன்.

உன் அக்கா விசாலாக்ஷி ஆரம்பித்த சனிக்கிழமை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பை, அவள் போன பிறகு இரண்டு வருஷமாக நான் நடத்தி வருவது உனக்குத் தெரியும். "அந்த நாலு பேரை நட்டாத்துல விட்டுடாதீங்கோ, கிளாஸை மட்டும் நிறுத்திடாதீங்கோ" என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். ஆகவே இது முழுக்க முழுக்க அவர்களுடைய முன்னேற்றத்தை உத்தேசித்தே நடக்கிறது. எனக்குப் பொழுது போகவில்லை என்பதற்காக அல்ல. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளவும். நாலு பேரில் சந்திரம்மாள் இப்போது ஒரு ஜெர்மன்காரி வீட்டில் சமையல் வேலை பார்க்கிறாள். அங்கே நாளெல்லாம் இங்கிலீஷ்தான். என் பயிற்சியின் பலன் என்று ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். பூங்கோதை ஒரு ஆபீஸில் கூட்டிப் பெருக்குகிறாள். கருப்பசாமி டிரைவர். பச்சைமுத்து கொத்து வேலை. இரண்டு வருஷத்தில் 'குட் மார்னிங் சார்' என்பதைத் தாண்டவில்லை. ஜங்புராவில் அவர்கள் குடியிருந்த மதராசி கேம்பை இடித்த பிறகு நாலு பேருக்கும் சர்க்கார் வீடு கொடுத்தது ஊர்க்கோடி நரேலாவில்தான். அங்கிருந்து இங்கே வர பஸ், மெட்ரோ, மறுபடியும் மெட்ரோ என்று இரண்டரை மணி நேரம் ஆகிறது. அத்தனை தூரம் வருகிறவர்களுக்கு, முப்பத்திநாலு வருஷம் செக்‌ஷன் ஆபீசராகவும் அதற்குக் கீழேயும் நான் ஃபைலில் எழுதின இங்கிலீஷையே சொல்லிக்கொடுத்தால், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் வராமல் நின்றுவிடுவார்கள். அந்த பயத்தில்தான், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த உன்னைக் கேட்டேன். நீயும் மூணு பயிற்சி அனுப்பினாய். என்ன ஆச்சு கேளு.

முதல் பயிற்சி, காகிதத்தை எடுத்துண்டு ஒருத்தர்கிட்ட ஒருத்தர் போய், சைக்கிள் ஓட்டத் தெரியுமா, மீன் பிடிக்குமான்னு இங்கிலீஷ்ல கேட்டு, ஆமான்னு சொல்றவாகிட்ட கையெழுத்து வாங்கணும்னு எழுதியிருந்தே. நீ வெறும் கோடுதான் போட்டிருந்தே. நான் பழக்கதோஷத்துல வரிசை எண், பெயர், முகவரி, கையொப்பம், தேதின்னு கட்டம் கட்டி, மேலே ஒரு ஃபைல் நம்பரும் போட்டுட்டேன். கருப்பசாமி அதைப் பார்த்துட்டு சைக்கிளைப் பத்தியே பேசலை. "இது எந்த ஆபீசுக்குப் போவும் சார்?"ன்னு கேட்டான். எங்கேயும் போகாதுப்பா, இது விளையாட்டுன்னேன். அவன் நம்பலை. வீடு விஷயமா எத்தனை ஃபாரத்துல கையெழுத்துப் போட்டவன் அவன். அடுத்த சனிக்கிழமை, ஜெராக்ஸ் காப்பியும் கையுமா நரேலாவிலேர்ந்து பதினோரு பேரைக் கூட்டிண்டு வந்து நிக்கறான். "நேர் பஸ் ஒண்ணு விடணும்னு ஒரு வரி சேத்துக்கலாமா சார்?" மூணு மாடி ஏறி வந்தவாளை என்ன சொல்லித் திருப்பி அனுப்பறது? சேத்துக்கோன்னேன். ஆனா வாத்தியார்னா வாத்தியார்தானே, பதினோரு பேரையும் 'கேன் யூ ரைடு எ பைசைக்கிள்?'னு கேக்க வெச்சு, எஸ் சொன்னப்புறம்தான் பஸ்ஸுக்குக் கையெழுத்து வாங்க விட்டேன். கவரிங் லெட்டர் ஒண்ணு நானே டைப் அடிச்சு, சம்பந்தப்பட்ட இடத்துக்கு அனுப்பியும் வெச்சேன். அன்னிக்கு வாசல்ல செருப்பு விட இடமில்லாம பாதிப் படி வரைக்கும் இறங்கிப் போயிருந்தது. நம்மாத்து வாசல்ல அத்தனை செருப்பு நான் பார்த்தது, விசாலம் போன அன்னிக்குத்தான்.

ரெண்டாவது பயிற்சி, வீட்டுச் சாமான் பத்தை அங்கங்கே ஒளிச்சு வெச்சு, எது எங்கே இருக்குன்னு கேக்கறது. சாமானை ஒளிச்சு வைக்கணும்னா முதல்ல அது இருக்கற இடம் தெரிஞ்சிருக்கணுமே. நான் சமையல்கட்டுல அரைமணி நேரம் உருட்டினேன். உனக்குச் சொல்றதுக்கென்ன, ரெண்டு வருஷமா பெருங்காயம் இல்லாமத்தான் ரசம் வெச்சுண்டிருக்கேன். புதுசா வாங்கலாம்தான். ஆத்துல இருக்கறச்சே எதுக்கு இன்னொண்ணுன்னு அவ கேப்பாளேன்னு வாங்காமலே இருந்துட்டேன். அதை நான் தேடறதைப் பார்த்துட்டு, சந்திரம்மாள் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமலே, 'இட் இஸ் பிஹைண்ட் தி இட்லி பிளேட்ஸ் சார், இன் தி ஹார்லிக்ஸ் பாட்டில்'னா. போய்ப் பார்த்தா அங்கேதான் இருக்கு. உனக்கெப்படிடீம்மா தெரியும்னா, பூங்கோதை சொல்றா: "அம்மா எங்களுக்குப் பாடம் நடத்துனதே இங்கதானே சார். அவங்க காய் நறுக்குவாங்க, நாங்க ஒவ்வொண்ணா பேர் சொல்லணும்." அந்தச் சமயத்துல நான் ஹால்ல பேப்பரைப் பிடிச்சுண்டு, சத்தத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணுங்கோன்னு கத்தியிருக்கேன் பட்டாபி. ஒரு வாட்டி இல்லை, வாராவாரம். உள்ளே போய் அஞ்சு நிமிஷம் உட்கார்ந்திருக்கலாம். இப்போ நினைச்சா ரொம்ப வெக்கமா இருக்கு.

போகட்டும். மூணாவது பயிற்சிதான் என்னைத் தெருவுல நிறுத்திடுத்து. ஆளுக்கு மூணு வாக்கியம் சொல்லணும், அதுல ரெண்டு உண்மை, ஒண்ணு பொய், எது பொய்னு மத்தவா கண்டுபிடிக்கணும்னு அனுப்பியிருந்தே. ரொம்ப நல்ல பயிற்சி, எல்லாரும் வாயைத் திறந்து பேசுவான்னு அடிக்கோடு வேற. பச்சைமுத்து எழுந்து, 'குட் மார்னிங் சார். ஐ ஆம் பச்சைமுத்து. ஐ ஆம் ஸ்டூடண்ட்'னான். எல்லாரும் சிரிச்சா. எதுக்குச் சிரிக்கறான்னு எனக்குப் புரியலை. அடுத்தது சந்திரம்மாள். தனக்கு ரெண்டு பிள்ளைங்கன்னா. சார் போடற காபி வாயில வைக்க விளங்காதுன்னா. இங்கிலீஷ் கத்துக்கத்தான் சனிக்கிழமை இங்கே வரேன்னா. எல்லாம் சுத்தமான இங்கிலீஷ்ல, ஒரு தப்பு கிடையாது. நான் சடக்குனு, காபிதான் பொய்னேன். கருப்பசாமி ஃபேனைப் பார்க்கறான். பூங்கோதை டம்ளரைப் பார்க்கறா, அதுல முக்கால் டம்ளர் காபி அப்படியே இருக்கு. பொய் மூணாவது வாக்கியம்னு எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆச்சு.

அப்புறம் சந்திரம்மாளே தமிழ்ல சொன்னா: "ஆஸ்பத்திரியில அம்மா எங்க நாலு பேரையும் கூப்ட்டு விட்டாங்க சார். சனிக்கிழமை நீங்களும் போகலேன்னா அவரு மனுசங்க கூடப் பேசவே மாட்டாரு, இங்கிலீசு வந்தாலும் வராட்டியும் போறதை நிறுத்திடாதீங்கன்னாங்க. அதான்." கிளாஸை நிறுத்தாதீங்கோன்னு எனக்கு ஒரு ஆர்டர், கிளாஸுக்குப் போறதை நிறுத்தாதீங்கன்னு அவாளுக்கு ஒரு ஆர்டர். ரெண்டும் ஒரே படுக்கையிலேர்ந்து. முப்பத்திநாலு வருஷம் ஊரார் ஃபைலையெல்லாம் பார்த்தவன் நான், என் பேர்லயே ஒரு ஃபைல் ஓடிண்டிருக்கறது எனக்குத் தெரியலை.

எனக்குக் கோபம்னா கோபம். என்னைப் பார்த்தா பரிதாபமா இருக்கான்னு கேட்டேன். யாரும் யாருக்காகவும் ரெண்டரை மணி நேரம் பஸ்ல இடிபட வேண்டாம், மறு உத்தரவு வரும்வரை கிளாஸ் கிடையாதுன்னுட்டேன். அவா எப்பவும் போல டம்ளரையெல்லாம் அலம்பிக் கவுத்திட்டுக் கிளம்பினா. பச்சைமுத்து மாத்திரம் வாசல்ல நின்னு, கிளம்பறச்சேயும் அதே 'குட் மார்னிங் சார்'னுட்டுப் போனான். கதவைச் சாத்திண்டு வந்து டிவியைப் போட்டேன். சத்தத்தைக் கம்மி பண்ணச் சொல்ல யாரும் இல்லை.

ஆகவே மேற்படி வகுப்பு சென்ற சனிக்கிழமையோடு நிரந்தரமாக மூடப்பட்டது என்பதையும், இனி பயிற்சிகள் எதுவும் அனுப்ப வேண்டியதில்லை என்பதையும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். எனக்கும் ஓய்வு தேவைப்படுகிறது. சனிக்கிழமைகளில் லோதி கார்டன் போய் நடந்துவரலாம் என்று உத்தேசம். என்னைப் பற்றிக் கவலைப்பட ஏதுமில்லை. உன் அகத்தில் பெரியவாளுக்கு நமஸ்காரம், சின்னவாளுக்கு ஆசீர்வாதம். உனக்கு இரண்டும் கலந்து.

இப்படிக்கு,
அத்திம்பேர் சேஷன்.

பி.கு.: லெட்டரை ஒட்டறதுக்குள்ளே பூங்கோதை போன் பண்ணிட்டா. "எல்லாரும் சொல்லிட்டோம், உங்க மூணு வாக்கியம் பாக்கி இருக்கு சார், சனிக்கிழமை வந்து கேட்டுக்கறோம்"னு சொல்லிட்டு, நான் வாயைத் திறக்கறதுக்குள்ளே போனை வெச்சுட்டா. சரின்னு உட்கார்ந்து எழுதினேன். ஒண்ணு, நான் நன்னா காபி போடுவேன். ரெண்டு, கிளாஸை மூடிட்டேன். மூணு, தனியா இருக்கறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. திருப்பிப் படிச்சுப் பார்த்தா, விதிப்படி ஒண்ணுதானே பொய்யா இருக்கணும், எனக்கு மூணுமே பொய்யா வந்திருக்கு. ரெண்டு உண்மைக்கு எங்கே போறது? பால்காரன்கிட்ட சனிக்கிழமைக்கு ரெண்டு பாக்கெட் கூடுதலாச் சொல்லியாச்சு, அது ஒண்ணு உண்மை. இன்னொண்ணு, நாலு பேரும் வராங்கறது எனக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கு. அதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியலை, எழுதி அனுப்பு. கூடவே பயிற்சியும் அனுப்பு. சாயங்காலம் வரைக்கும் முடியாத மாதிரி ஏதாவது இருந்தா அனுப்பு.