பாட்டுக்கு உருகும் முதலாளி

இளைஞர்கள் கோபப்பட்டால் பிடிக்காது. அந்தக் கோபத்தை மெட்டுப் போட்டுப் பாடினால் மட்டும் உருகிவிடும் ஒரு ரகம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருத் துணிக்கடை முதலாளி அந்த ரகத்தில் அசல். காரில் உரிமைப் பாட்டு, கைப்பேசியில் உரிமைப் பாட்டு, பல் தேய்க்கும்போது வாய் நிறைய நுரையோடும் அதே பாட்டு என்று வாழ்ந்து, 'இந்தப் பிள்ளைகளே நாளைய விடியல்' என்று முகநூலில் எழுதி, எழுதிய கையோடு, தாமதமாக வந்த பையனுக்கு அரைநாள் விடுப்பு போடுவார். இரண்டுக்கும் ஒரே கட்டைவிரல்தான்.

அவர் கடையில் துணி மடிக்கும் பெண்ணுக்குக் கணீரென்ற குரல். வெண்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். விடுமுறைகளில் அண்ணன் கிட்டார் வாசிக்க, பூங்காவில் பாடுவாள். பகலெல்லாம் நின்று கால் வீங்கியதால் உட்கார முக்காலி கேட்டுப் பார்த்தாள்.

"உக்காந்தா தூக்கம் வரும்மா. அப்புறம் வியாபாரமும் தூங்கிடும்" என்றார்.

கடையின் ஆண்டு விழாவில் அவரே அவளை மேடையேற்றினார்.

"சமூகக் கருத்தா ஒண்ணு பாடும்மா. எனக்கு அதான் உசுரு."

பாடினாள்.

"நின்னே வளந்தோம், நின்னே தேஞ்சோம், உக்கார இடம் கேட்டா ஊரே ஏன் முறைக்குது?"

ஊழியர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். முதலாளியோ தேம்பித் தேம்பி அழுதார். மைக்கைப் பிடுங்கினார்.

"எதிர்க்கடைக்காரன் இதைக் கேக்கணும்! அவனெல்லாம் மனுஷனா?"

"சார், இது நம்ம கடைப் பாட்டு."

"ஆமாம்மா! நம்ம கடை விளம்பரத்துக்கே போட்டுடலாம்!"

"விளம்பரம் வேணாம் சார். முக்காலி போடுங்க."

கண்ணீர் நின்றது. குழாயை மூடியது போல.

"பாட்டுன்னா பாட்டோட நிக்கணும். அரசியல் பேசக் கூடாது."

மறுநாள் வெண்கலம் துணி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டே மடித்தாள். முதலாளி வந்தும் எழவில்லை. பக்கத்தில் இன்னொருத்தி உட்கார்ந்தாள். பிறகு பில் போடும் பையன். பிறகு எல்லோரும். முதலாளி கத்தினார், மிரட்டினார், கெஞ்சினார். வாடிக்கையாளர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அந்த வாரமே முக்காலிகள் வந்து இறங்கின.

இப்போது அவர் காதல் பாட்டுக்கு மாறிவிட்டார். "இந்தக் காலத்துப் பசங்க பாட்டுல மரியாதையே இல்ல சார்" என்கிறார்.

சிரிக்கிறீர்களா? யாரையோ நினைத்துக்கொண்டுதானே சிரிக்கிறீர்கள்? அந்த யாரோ இதைப் படித்தால் யாரை நினைத்துச் சிரிப்பார் என்று மட்டும் யோசித்துவிடாதீர்கள். தூக்கம் கெடும்.