வீட்டுப்பக்கம், வேலைப்பக்கம்

சாயல்குடிக்குத் தெற்கே, மாற்றுத்திறனாளிகள் சிலர் ஒன்றாகக் குடியிருந்து, ஆடு வளர்த்து, ஓலைப்பெட்டி முடைந்து பிழைத்துவந்தார்கள். முடிந்த வேலையை அவரவர் செய்வார்கள். சோறு எல்லோருக்கும் ஒரே பானை. அரசாங்கத்துக்கு ஒரு தொந்தரவும் இல்லை. அதுதான் சந்தேகத்தைக் கிளப்பியது.

ஆய்வுக்கு வந்த அதிகாரி கேட்டார்: "இது இல்லமா, தொழிற்கூடமா?"

"ரெண்டுந்தான் சார்," என்றாள் சமையல் பொறுப்பிலிருந்த பூமயில்.

"இரண்டாக இருக்க விதியில் இடமில்லை."

உடனே முற்றத்தின் நடுவில் சுண்ணாம்புக் கோடு விழுந்தது. மேற்கே இல்லம்; அங்கே வேலை செய்யக்கூடாது. கிழக்கே தொழிற்கூடம், அங்கே உட்கார்ந்து தின்னக்கூடாது. எண்பது சதவீத இயலாமைச் சான்றிதழ் வைத்திருந்த தவசி இல்லத்துக்கு ஒதுக்கப்பட்டான். ஆட்டுக்கொட்டகையோ கிழக்கே. தவசிக்குக் கூட்டல் கழித்தல் வராது. ஆடுகள் என்றால் உயிர்.

"சார், ஆடு பசியா நிக்கிது. போயிட்டு வாரேனே?"

"நீ வேலை செய்ய இயலாதவன் என்று சான்று இருக்கிறதே."

"நேத்துக்கூட மேய்ச்சேன் சார்!"

"அது விதிமீறல். மன்னித்துவிட்டேன்."

தவசி அழுதான். ஆனால் ஆடுகள் விதி படித்ததில்லை; கோட்டைத் தாண்டி அவனிடமே வந்துவிட்டன. அதிகாரி தீர யோசித்தார். இல்லத்தில் நிற்கும் ஆடு செல்லப்பிராணி. அதைக் கறப்பது வேலை. ஆகவே கறக்கக்கூடாது என்று ஆணையிட்டார். சற்று நேரத்தில் அவருக்கு வரக்காப்பி வந்தது.

"பால் எங்கே?"

"செல்லப்பிராணிகிட்ட இருக்கு சார்."

கொள்கை உடனே நெகிழ்ந்தது; ஆடுகளைத் திரும்பக் கிழக்கே கொட்டகையில் கட்டினார்கள். அறுபது சதவீதமே உள்ள யோகேஸ்வரன் ஆட்டுப் பொறுப்பாளரானான். அவன் சக்கர நாற்காலியைத் தினமும் தள்ளிக்கொண்டு போனவன் தவசிதான். யோகேஸ்வரனுக்கு ஆட்டு வாடை பட்டாலே தும்மல் வரும். இருந்தாலும் கழுத்தில் பொறுப்பாளர் அட்டை ஏறியதும் தும்மலை அடக்கக் கற்றுக்கொண்டான். அதிகாரி பால்காப்பி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

எல்லோரும் சேர்ந்து மேலிடத்துக்கு எழுதினார்கள். கோடு ரத்து என்று உத்தரவு வருவதற்குள் பங்குனி போய் ஆடியே பிறந்துவிட்டது. தவசி கருவேலங்காயை மடியில் அள்ளிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்!

"ஏலே தவசி, நில்லு," என்றான் யோகேஸ்வரன்.

"கோடு போயிருச்சுண்ணே!"

"போயிருச்சு. ஆனா பொறுப்பாளரைப் பத்தி உத்தரவுல ஒண்ணுமில்லையே. மனு குடு, பாப்போம்."

கிழக்கே பெட்டி முடைந்துகொண்டிருந்தவர்கள் தலை நிமிரவில்லை. வேலைப்பக்கத்துக்காரர்களுக்கு இப்போதெல்லாம் சோறு முந்தி விழுகிறது. தவசி ஓடிப்போய்ப் பூமயிலிடம் நின்றான்.

"அக்கா, ஒரு மனு எழுதிக் குடுக்கா."

பூமயில் தன் கழுத்திலிருந்த புது அட்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"இப்ப சாப்பாட்டு நேரம். நாளைக்கு வா."