செத்துப் பிழைத்த மாஸ்டர்

ஊரில் உள்ள ஜிம் பயிற்சியாளர்கள் அத்தனை பேரும் அன்று காலை அந்த ஒரே ஜிம்மில் குவிந்துவிட்டார்கள். உடற்பயிற்சிக்கா? சேச்சே. மூச்சுப் பயிற்சி என்று சொல்லிக்கொண்டு ஊருக்கு வந்த மூச்சு மாஸ்டர் மறுபடியும் செத்துப் பிழைக்கப் போகிறார், அதைப் பார்க்க. மூட்டை மூட்டையாக இரும்பு தூக்கும் தடியன்கள் எல்லாம் ட்ரெட்மில் மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தார்கள். தோளை வளர்த்த மும்முரத்தில் மற்றதை வளர்க்க நேரம் கிடைக்கவில்லை போலும்.

வித்தை இதுதான். தொளதொள சட்டையில் மாஸ்டர் கண்ணை மூடுவார். அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தால் நாடி ஓய்ந்து ஓய்ந்து நின்றே போகும். பிறகு ஒரு பெருமூச்சு, நாடி திரும்பிவிடும். அவர் ஊதிக் கொடுத்த கைப்பட்டையைக் கட்டினால் இதயம் நிற்கவே நிற்காதாம். அப்புறம் முதலுதவிப் பயிற்சி எதற்கு என்று ஜிம் முதலாளி அந்த வகுப்பையே ரத்து செய்துவிட்டார். நெஞ்சை அழுத்திப் பழக வாங்கிய பொம்மை, இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத அப்பாவி, இப்போது ஈரத்துண்டு காயப்போட உதவுகிறது.

அந்த ஜிம்மின் ஏரோபிக்ஸ் டீச்சருக்கு மட்டும் இது வேடிக்கையாக இல்லை. முதலாளி அவளுடைய அக்கா புருஷன், அவளுக்கு மாமா. போன வருஷம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து பிழைத்த மனிதர், பட்டை கட்டிய நாளிலிருந்து இதய மாத்திரையை நிறுத்திவிட்டார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கேட்டால், நோய் வெளியேறுகிறதாம். அக்கா அழுதும் பார்த்துவிட்டாள், பேசாமல் இருந்தும் பார்த்துவிட்டாள். மனிதர் அசையவில்லை.

டீச்சர் வேறோர் இடத்தில் முதலுதவி படித்துவிட்டு வந்திருந்தாள். மணிக்கட்டை நம்பாதே, கழுத்தில் விரல் வை என்று அங்கே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள்.

மாஸ்டர் கண்ணை மூடினார். மாமா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "நின்னுடுச்சு" என்றார், கண் கலங்க. கூட்டம் மூச்சைப் பிடித்தது. டீச்சர் முன்னால் போய் மாஸ்டரின் கழுத்தில் விரலை வைத்தாள். உள்ளே குதிரை ஓடிக்கொண்டிருந்தது.

"கழுத்தத் தொடக் கூடாதும்மா, அங்கதான் உயிர் உக்காந்திருக்கு" என்றார் செத்தவர்.

மாமாவின் விரலையும் அங்கே வைத்தாள். அவர் முகம் சுருங்கியது. ஆனால் பக்தி லேசில் விடுமா? "கையில மட்டும் நிறுத்துறாரே, அதுவும் ஒரு சக்திதானே?" என்றார்.

டீச்சருக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மாஸ்டரின் கை விலாவை விட்டு விலகவே இல்லை என்பதையும் கவனித்துவிட்டாள். அவள் குரலுக்கு ஒரு பேர் உண்டு. ஜன்னல் திறந்திருந்தால் எதிர்க்கடைக்காரரும் சேர்ந்து குனிந்து நிமிர்வார். பாட்டைப் போட்டுவிட்டு, கையைத் தட்டினாள்.

"ரெண்டு கையும் மேல!"

தொழில் பழக்கம். யோசிக்காமல் அத்தனை பயிற்சியாளர்களும் தூக்கினார்கள். மாமா தூக்கினார். மாஸ்டரும் தூக்கினார்.

தொளதொள சட்டைக்குள்ளிருந்து ஒரு ரப்பர் பந்து விழுந்து துள்ளித் துள்ளி ஓடியது.

"அட, என் கிளாஸ் பந்து! எங்கெல்லாம் தேடினேன்!" என்றாள் டீச்சர்.

அக்குளில் பந்தை வைத்து இறுக்கினால் கைக்குப் போகும் ரத்தம் தடைபடும், மணிக்கட்டில் நாடி தெரியாது, அவ்வளவுதான் என்று விளக்கினாள். ஒரு தடியன் செய்து பார்த்துச் 'செத்தான்'. அடுத்தவன் பந்தைப் பிடுங்கிக்கொண்டு தானும் செத்தான். ஜிம் முழுக்க ஆளாளுக்குச் செத்துப் பிழைத்துக் கும்மாளம் போட்ட சந்தடியில், மூச்சு மாஸ்டர் மூச்சு காட்டாமல் நழுவிவிட்டார்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. பட்டையைக் கழற்றி வீசினார். "உங்க அக்காவ எவ்வளவு அழவச்சுட்டேன். மாத்திரைய எங்க வச்சிருக்கா?" என்றார். டீச்சர் தன் பையிலிருந்தே எடுத்து நீட்டினாள். அன்றைக்கே டாக்டரிடமும் இழுத்துப்போனாள். மறுநாள் பொம்மை மேலிருந்த ஈரத்துண்டுகள் இறங்கின. முதல் ஆளாக முட்டி போட்டு நெஞ்சை அழுத்திப் பழகியவர் மாமா.

உங்கள் ஊருக்கும் ஒருவர் வருவார். அவரைக் கும்பிட நீங்கள் கையைத் தூக்குமுன், முதலில் அவரைக் கையைத் தூக்கச் சொல்லுங்கள்.