தண்ணீர் கேட்காத தோட்டம்

இந்தக் கோடையில் ஒரு வாளித் தண்ணீர்கூடச் சுமப்பதில்லை என்று ஏப்ரலிலேயே முடிவெடுத்துவிட்டேன்.

காரணம் தக்காளி. போன வருஷம் செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் எங்கள் விஸ் தீவே மைதானத்தில் இரும்புப் பந்து உருட்டிக்கொண்டிருந்தது. நான் மழைநீர்த் தொட்டிக்கும் தக்காளிப் பாத்திக்கும் நடுவே உருண்டுகொண்டிருந்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் தாமதம். எங்கள் அணித் தலைவர் லோவ்ரே, புனித ரோக்கோ திருவிழா ஆட்டத்தில் என் இடத்தைத் தபால்காரருக்குக் கொடுத்துவிட்டார். தபால்காரர் பந்தை எறிந்தால் வேடிக்கை பார்ப்பவர்கள்தான் குனிய வேண்டும்.

"பெரினா, தக்காளி, கீரை எல்லாத்தையும் பிடுங்கப் போறேன்." சண்டைக்குத் தயாராக மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"பிடுங்கு," என்றாள் மனைவி.

"லாவண்டரும் சாந்தோலினாவும் வைக்கப் போறேன். வருஷம் பூரா வெள்ளி மாதிரி இலை. குளிர்லயும் உதிராது. தண்ணியே வேண்டாம்."

"யார் சொன்னா?"

"நாற்றுக்கடைச் சீட்டுல போட்டிருக்கு."

சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "நல்ல யோசனை, யெர்கோ."

முப்பது வருஷத்தில் என் யோசனையை அவள் நல்லது என்றது அதுவே முதல் தடவை. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மே மாதம் முட்டி தேய அறுபது செடி நட்டேன். மூன்று வாரம் மைதானத்துக்கு முதல் ஆளாகப் போனேன். லோவ்ரே திருவிழா ஆட்டத்துக்கு என் பெயரை எழுதிக்கொண்டார்.

ஜூனில் ஒரு செவ்வாய். கிளம்பி வெளியே வந்தால் அறுபதும் தலையைத் தொங்கப்போட்டிருந்தன.

"பெரினா, செடி சாகுது."

"தண்ணி ஊத்தலையே."

"வேண்டாம்னு சீட்டுல..."

"அது முன்பக்கம். பின்பக்கம் படிச்சியா? வேர் பிடிக்கணும்னா முதல் கோடை பூரா வாரம் ரெண்டு தடவை ஊத்தணும்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"ஆசையா இருந்தியே. கெடுப்பானேன்?"

"எந்த ரெண்டு நாள்?"

"இன்னிக்கே தொடங்கு, வெயில் தாழ்ந்ததும். செவ்வாய், வெள்ளி."

"அது ஆட்ட நாள்."

"அதான், மறக்காது."

தோட்டம் முழுக்க வெள்ளி. எனக்குத்தான் வெள்ளி இல்லை.

வாளியைத் தூக்கினேன். செடி செத்தால் தெருவே சிரிக்கும். "என் இடத்துல யாரு? மறுபடி தபால்காரரா?"

பெரினா குனிந்து காலணி நாடா கட்டிக்கொண்டிருந்தாள். காலணி புதுசு.

"எங்க கிளம்பிட்ட?"

"தக்காளி காய்ச்சி பாட்டில்ல அடைக்கற வேலை இந்த வருஷம் இல்ல. சாயங்காலம் சும்மாதானே இருக்கேன். கல்யாணத்துக்கு முன்னாடி பந்தாட்டத்துல எங்கப்பாவுக்கு ஜோடி நான்தான்."

"லோவ்ரே பொம்பளைங்களைச் சேர்க்கமாட்டாரு."

"தபால்காரரைச் சேர்த்தவர்தானே," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆகஸ்டில் புனித ரோக்கோ ஆட்டத்தில் ஒன்பது வருஷம் கழித்து எங்கள் ஊர் ஜெயித்தது. கடைசிப் பந்து பெரினாவுடையது. நான் பார்க்கவில்லை. ஐம்பத்திரண்டாவது செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது கூச்சல் மட்டும் கேட்டது.

மறுநாள் லோவ்ரே வீடு தேடி வந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"யெர்கோ, அடுத்த வருஷமும் ஏதாவது புதுச் செடி நடு."