பங்காளி மேடத்தின் தீட்டுக் கணக்கு

உலகத்தில் கம்பெனிகளுக்கு விலை போடுகிறவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். தீட்டு பார்த்து விலை போட்டவர் ஒரே ஒருவர்தான். அவர் எனக்குப் பக்கத்து நாற்காலியில் நாலு வருஷம் உட்கார்ந்திருந்தார். வேண்டுமானால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன்.

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் ஆபீஸ். யாராவது ஒரு கம்பெனியை வாங்கவோ விற்கவோ கிளம்பினால், அது என்ன விலை பெறும் என்று சொல்வது எங்கள் பிழைப்பு. மொத்தம் ஒன்பது பேர். மற்றவர்கள் கணக்கு போடுவார்கள். அவர்கள் எழுதும் அறிக்கையின் ஆங்கிலத்தைத் திருத்துவது என் வேலை. மேடத்துக்கும் ஒரு நல்ல பெயர் உண்டு, ஆனால் அது சம்பளச் சீட்டோடு சரி. செக்யூரிட்டி முதல் முதலாளி வரை எல்லோருக்கும் அவர் பங்காளி மேடம்.

பெயர் வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் தொழில் ரகசியத்தைக் கொஞ்சம் உடைக்க வேண்டும். வீடு விற்கும்போது என்ன செய்கிறோம்? பக்கத்துத் தெருவில் அதே மாதிரி வீடு சதுர அடி என்ன விலைக்குப் போனது என்று விசாரித்து, நம் வீட்டுச் சதுர அடியோடு பெருக்குகிறோம். கம்பெனிக்கும் அதேதான். அதே மாதிரி இன்னொரு கம்பெனி அதன் வருஷ லாபத்தைப் போல எத்தனை மடங்குக்கு விலை போகிறது என்று பார்க்க வேண்டும். அந்த மடங்கை நம் கம்பெனியின் லாபத்தோடு பெருக்கினால் முடிந்தது ஜோலி.

ஆனால் ‘அதே மாதிரி’ என்றால் எந்த மாதிரி? எல்லாக் கோல்மாலும் அங்கேதான். விற்கிறவர் ஊரிலேயே கிராக்கியான கம்பெனியைக் காட்டி, “அவனும் நானும் ஒண்ணு” என்பார். வாங்குகிறவர் நொண்டியடிக்கிற கம்பெனியாகப் பொறுக்கிக்கொண்டு வந்து, “இதுதான் உங்க ஜாதி” என்பார். மேடம் இரண்டு பட்டியலையும் ஓரமாகத் தள்ளிவிட்டு ஒரே கேள்வி கேட்பார்.

“இவன் பங்காளியா, சம்பந்தியா?”

சம்பந்தி என்பவர் ஒரு கல்யாணத்தில் வந்து ஒட்டிக்கொண்டவர். ஆல்பத்தில் பக்கத்தில் நிற்பார், அவ்வளவுதான். பங்காளிதான் ஒரே ரத்தம். எப்படிக் கண்டுபிடிப்பது? கன்னட ‘ரீ’ ஒட்டிய தமிழில் மேடமே சொல்வார்: “சாவு விழுந்தா தெரிஞ்சிடும்ரீ. பங்காளி வீட்டுல சாவுன்னா நமக்கும் தீட்டு. சம்பந்தி வீட்டுல சாவுன்னா மாலையப் போட்டுட்டு, குளிச்சிட்டு, ஆபீஸ் போயிடலாம். கம்பெனியும் அப்படித்தான். அவனுக்கு ஒரு கெட்டது நடந்தா, அது இவனையும் தொடணும். தொடலியா? பட்டியல்லேர்ந்து தூக்கு!”

இந்தச் சோதனையில் தேறிய ஜோடிகளைப் பார்த்தால் தலை சுற்றும். ஒருமுறை ஓர் ஆஸ்பத்திரிக்கு விலை போட வேண்டி வந்தது. எல்லோரும் மருந்துக் கம்பெனிகளைத் தேடிக்கொண்டிருந்தபோது மேடம் லாட்ஜ்களின் பட்டியலோடு வந்து நின்றார். முதலாளி நாற்காலியிலிருந்து நழுவிவிட்டார். “ரெண்டு பேருக்கும் பெட் காலியா கிடந்தா வயித்தெரிச்சல்தானே சார்?” என்றார் மேடம். கடைசியில் லாட்ஜை எடுக்க மனசில்லாமல் வேறு ஆஸ்பத்திரிகளைத் தேடிப் போட்டோம். ஆனாலும் அன்றிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ரூம் பாய் எங்கே என்றுதான் என் கண் தேடுகிறது.

ஆபீஸோடு நிறுத்திக்கொள்வாரா? மாட்டார். முதலாளி மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். வந்த ஏழு மாப்பிள்ளைகளின் சம்பளத்தையும் கூட்டிச் சராசரி எடுத்து வைத்திருந்தார், பாவம். மேடம் அந்தக் காகிதத்தை எட்டிப் பார்த்தார்.

“சார், சராசரி எடுக்கவே கூடாது.”

“ஏம்மா?”

“இதுல ஒருத்தன் அமெரிக்கா. அவன் ஒருத்தன் சேர்ந்ததால மத்த ஆறு பேரும் பணக்காரங்க மாதிரி தெரியறாங்க. ஏழு பேரையும் வரிசையா நிக்க வைங்க, நடுவுல நிக்கறவனப் பாருங்க. அவன்தான் இன்னைக்கு மார்க்கெட்!”

முதலாளி உண்மையிலேயே நடுவில் நின்றவருக்குப் பெண் கொடுத்தார். மாப்பிள்ளை தங்கமான பையன். மேடத்துக்கு அந்தக் கல்யாணத்தில் தனிப் பந்தி, தனி மரியாதை.

சரி, மாவுக் கதைக்கு வருகிறேன்.

ஸ்டெல்லா லிங்கராஜபுரத்தில் இட்லி மாவுக் கம்பெனி நடத்தி வந்தார். ஒரே ஒரு கிரைண்டரில் ஆரம்பித்து, இன்று பாதி பெங்களூரின் ஃபிரிட்ஜ்களில் அவருடைய மாவுதான். பன்னிரண்டு வருஷம் மூட்டை தூக்கியதில் முதுகு போய்விட்டது. இனி மூட்டையைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவருடையதைவிடப் பத்து மடங்கு பெரிய ஒரு ரெடிமேட் உணவுக் கம்பெனி அதை விலைக்குக் கேட்டது. வருஷ லாபத்தைப் போல ஐந்து மடங்கு தருவதாகச் சொன்னது.

“அஞ்சு மடங்குக்குக் குடுத்தா பேங்க் லோன் அடைக்கவும் எனக்கு ஆபரேஷனுக்கும் சரியா போயிடும் மேடம்” என்றார் எங்கள் ஆபீஸுக்கு வந்த ஸ்டெல்லா. “என்கூட பதினோரு பொம்பளைங்க இருக்காங்க. என்னைக்காவது வித்தா உங்களுக்கும் பங்குன்னு ஜெபம் பண்ணி வாக்குக் குடுத்திருக்கேன். நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அவங்களப் பார்ப்பேன்?”

சொன்ன கையோடு போனில் ஒரு செய்தியைக் காட்டினார். வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரும் ஏதோ ஓர் ஆப் நாற்பது மடங்குக்கு விலை போயிருந்தது. “இதுவும் சாப்பாடு, நானும் சாப்பாடு. எனக்கும் நாப்பது போடுங்களேன்!”

“பேடா” என்றார் மேடம். எங்களுக்குப் பணம் தரப்போகிற கட்சிக்காரரிடமே கன்னடத்தில் ‘வேண்டாம்’! முதலாளி இருமினார். மேடம் கண்டுகொள்ளவில்லை. “கம்ப்யூட்டர் நின்னு போனா அவங்களுக்குச் சாவு. உங்களுக்கு எது சாவு?”

“எங்க சபையில சாவுத் தீட்டெல்லாம் பாக்கறதில்ல மேடம்.”

“சும்மா பேச்சுக்குத்தான். எது நடந்தா தலையில கை வெச்சு உக்காருவீங்க?”

“கரண்ட் போனாதான். நாலு மணி நேரம் கூலிங் நின்னா மாவு பொங்கி, புளிச்சு, பாக்கெட் எல்லாம் பட்டு பட்டுனு வெடிக்கும். பட்டாசுக் கடையில நெருப்பு விழுந்த மாதிரி.”

“ஆய்த்து, முடிஞ்சது! கரண்ட் போனா அழறவன் எவனோ அவன்தான் உங்க பங்காளி” என்று மேடம் மேஜையைத் தட்டினார்.

அடுத்த பத்து நாள் அவர் சாப்பிட்டாரா என்பதே சந்தேகம். வாங்குகிற கம்பெனி அனுப்பிய பட்டியலில் இருந்தவை ஏழும் கோதுமை மாவு மில்கள். “மாவுன்னா எல்லாம் மாவா? கோதுமை மாவு ஆறு மாசம் மூட்டையில தூங்கும். இட்லி மாவுக்கு நாலு நாள்தான் ஆயுசு!” என்று ரோடுவரை கேட்கக் கத்தினார். பால், தயிர், பிரெஷ் ரொட்டி விற்கும் கம்பெனிகளாகத் தேடித் தேடித் தீட்டு பார்த்தார். பதினாறில் ஐந்துதான் தேறின. வரிசையில் நடுவில் நின்றது பதினோரு மடங்கு.

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்து தொலைத்தேன்.

மேடம் வரைவு எழுதும்போது தன் பாஷையிலேயே எழுதுவார். ‘பங்காளி’ என்ற சொல்லை ஆங்கில எழுத்தில் அப்படியே அடித்து வைப்பார். நான் கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் அத்தனை பங்காளிகளையும் ‘ஒப்பிடத்தக்க நிறுவனங்கள்’ என்று ஆங்கிலத்தில் மாற்றிவிடுவேன். எப்போதும் ‘ஜி’ போட்டு எழுதுகிற புண்ணியவதி, அவசரத்தில் இந்தத் தடவை ‘கே’ போட்டு எழுதிவிட்டார். கம்ப்யூட்டருக்கு அது யாரோ அந்நியன். ‘தீட்டு’க்கும் அதே கதி. நான் படித்துப் பார்க்காமல் வாங்குகிற கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன். முப்பது பக்க அறிக்கை, பக்கத்துக்குப் பக்கம் பங்காளி, தீட்டு, பங்காளிகளின் நடு மடங்கு!

மறுநாள் முதலாளி அறிக்கையைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். “யோவ், உனக்குக் கண்ணு எங்கய்யா போச்சு? மானம் போச்சு! இதை நம்பி இனிமே ஒரு பைசா தருவானா?”

ஸ்டெல்லாவின் பதினோரு பேரும் என் கண்ணில் வந்து நின்றார்கள். நான் கவனிக்காமல் விட்ட ஒரே ஒரு எழுத்தால் அவர்கள் பங்கு போய்விட்டால்? மேடம் மட்டும், “நல்லதாப் போச்சு. இப்பவாவது முழுசாப் படிச்சிருப்பாங்க” என்றார்.

பேச்சுவார்த்தை லிங்கராஜபுரத்திலேயே, மாவு அரைக்கிற கூடத்துக்கு மேல் மாடியில் நடந்தது. வாங்குகிற கம்பெனியின் நிறுவனரே வந்திருந்தார், கோயம்புத்தூர்க்காரர். கூடவே டை கட்டிய ஒரு டெல்லி அதிகாரி. அதிகாரி எடுத்த எடுப்பில் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். இரண்டு நாளாகத் தேடுகிறாராம். பன்காலி முறை என்ற ஒன்று எந்தப் புத்தகத்திலும் இல்லையாம். பன்காலி என்பவர் எந்த நாட்டுப் பேராசிரியர்?

முதலாளி மோட்டுவளையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். நிறுவனர் அறிக்கையை வாங்கி வாய்க்குள் படித்தார். பிறகு ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், மேஜையே ஆடியது.

“ஏனுங்க, பங்காளியயா போட்டிருக்கீங்க? தீட்டு வேறயா! அட சாமீ!”

“ஆமா சார்” என்றார் மேடம், கொஞ்சமும் அசராமல். “உங்க பட்டியல்ல இருக்கற மில்லுக்கு கரண்ட் போனா நாளைக்கு அரைப்பான். அவன் சம்பந்தி. விடுங்க. போன மாசம் உங்க குளிர் ரூம்ல கரண்ட் போச்சாமே, பேப்பர்ல பார்த்தேன். என்ன ஆச்சு?”

நிறுவனரின் சிரிப்பு நின்றது. “அதைய ஏனுங்க கேக்கறீங்க. ரெண்டு லாரி மாவு. மொத்தமும் போச்சுங்க.”

“ஐயோ, ரெண்டு லாரியா!” ஸ்டெல்லா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எழுந்தே விட்டார். “ஜெனரேட்டர் எடுக்கலியா சார்?”

“ஜெனரேட்டரும் மக்கர் பண்ணிருச்சுங்க.”

“உளுந்து புதுசா, பழசா?”

“புதுசுங்க. விடியால அரைச்சது.”

“கர்த்தாவே! புது உளுந்து இன்னும் சீக்கிரமா பொங்கும் சார். எனக்கும் போன மே மாசம் இப்படித்தான். அன்னைக்கு உக்காந்து அழுதேன் பாருங்க…” அவர் கண்ணில் இப்போதும் தண்ணீர். நிறுவனர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு எந்த வால்வு போனது, எத்தனை கடைக்காரன் திட்டினான் என்று சொல்ல ஆரம்பித்தார். ஐந்து நிமிஷம் இருவரும் எங்களை மறந்தே போனார்கள்.

மேடம் எழுந்து நின்றார். “பார்த்தீங்களா? இவர் வீட்டுச் சாவுக்கு அவங்க அழறாங்க. இது பங்காளி இல்லாம வேற என்ன? உங்க கம்பெனியில முதலீடு பண்ணவங்க அதுக்கு எத்தனை மடங்கு விலை போட்டாங்க சார்?”

நிறுவனர் தாடையைச் சொறிந்தார். “பதினாலுங்க.”

“உங்க பங்காளிக்கு மட்டும் அஞ்சா?”

டெல்லி அதிகாரி மொழிபெயர்ப்பு கேட்டு என் தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு மூச்சு விடவே நேரமில்லை. முதலாளி முகத்தில் பதினாலு பதினாலாகப் பல்ப் எரிந்தது. அப்போது மேடம் அடுத்த குண்டைப் போட்டார்.

“ஆனா பதினாலு நியாயமில்ல. நாங்க எழுதின பதினொண்ணும் கொஞ்சம் ஜாஸ்தி. ஸ்டெல்லா சின்ன கம்பெனி. அவங்க ஒருத்தர் படுத்தா எல்லாம் படுத்துடும். அதைக் கழிச்சா பத்து. பத்துதான் தர்மம்.”

மேஜைக்கு அடியில் முதலாளி மேடத்தை உதைத்தார். உதை எனக்கு விழுந்தது. ஸ்டெல்லா கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார். கீழே கிரைண்டர் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. மாடிப்படியில் பதினோரு பேரும் மாவுக் கையோடு நின்று ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஒம்பதுங்க” என்றார் நிறுவனர்.

“பத்து.”

“ஒம்பதரை?”

மேடம் தலையை ஆட்டி மறுத்தார். நிறுவனர் மாடிப்படியைப் பார்த்தார். “தனக்கே கொறைச்சுக் கேக்கறவங்ககிட்ட எப்படிங்க பேரம் பேசறது? பத்தே வெச்சுக்குங்க. ஆனா இந்தம்மணிக யாரும் வேலைய விட்டுப் போகப்படாது.”

படியில் எழுந்த சத்தம் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். யாரோ ஒருவர் மாவுக் கையோடு மேடத்தின் கன்னத்தை வழித்து முத்தமிட்டார். ஸ்டெல்லா ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிச் சொல்லி அழுதார். ஒரு பெயர்கூட விட்டுப்போகவில்லை, நான் எண்ணினேன்.

திரும்பும்போது டாக்ஸியில் நானும் மேடமும் மட்டும். பொம்மனஹள்ளியில் வண்டி அப்படியே நின்றுவிட்டது. முன்னால் பஸ், பின்னால் லாரி, எறும்பு நகராது. மேடம் தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறக்க முடியவில்லை.

“பயமா இருந்துச்சுரீ” என்றார் மெதுவாக. “பத்துனு வாய்விட்டுச் சொன்னதும், அந்தாளு எழுந்து போயிட்டா அந்தப் பொம்பளைங்க கதி என்னன்னு உள்ளுக்குள்ள செத்துட்டேன். நான் கேட்டது சரிதானா?”

“சரிதான் மேடம்” என்று பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். ஒரு மடக்குக் குடித்தார், கன்னத்தில் காய்ந்த மாவோடு கண்ணாடிக்கு வெளியே பார்த்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார். நான் பெங்களூரில் பிறந்து வளர்ந்தவன். ஒரு டிராஃபிக் ஜாம் இன்னும் கொஞ்ச நேரம் நீடிக்கட்டும் என்று வாழ்க்கையில் வேண்டிக்கொண்டது அந்த ஒரு நாள்தான்.