மார்கரெட் அம்மையார் சொல்லாத பிரசங்கம்

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்ற வதந்தியைத் திருகோணமலையில் மறுக்காமல் வளரவிட்டவள் நானேதான். வேறு எவர் தலையிலும் பழியைக் கட்ட வழியில்லை.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சீனன்குடாப் பக்கம் ஒரு களஞ்சிய அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை. 'தங்கள் கடிதம் கிடைத்தது', 'இத்துடன் இணைத்துள்ளோம்' என்பதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஆங்கிலத்தில் அடிப்பேன். ஆனால் ஒரு மனிதர் வாயைத் திறந்து என்னோடு ஆங்கிலம் பேசியது கிடையாது. கையால் அடிக்கிற ஆங்கிலம் வேறு, காதால் கேட்கிற ஆங்கிலம் வேறு என்பது எனக்குத் தெரியும். லிங்கநகரில் எங்கள் வீதிக்குத் தெரியாது. அம்மாவுக்கு அறவே தெரியாது. ("என்ர வதனி இங்கிலீசிலதான் யோசிக்கிறவள்" என்று பக்கத்து வீட்டில் சொல்லி வைத்திருந்தார். தமிழிலேயே நான் அவ்வளவாக யோசிப்பதில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.)

நாங்கள் யூனிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர்கள். இராணுவக் காவலரணில் அந்தப் பெயரைச் சொன்னால் அது என்ன கொம்பனி என்று கேட்பார்கள். கடவுள் ஒருவரே, இயேசு எங்களுக்குப் பெரிய வழிகாட்டி, ஆனால் கடவுள் அல்ல, அவரவர் மனச்சாட்சிக்கு அவரவரே பொறுப்பு. கொள்கை இவ்வளவுதான். ஊரில் மொத்தம் நாங்கள் இருபத்தொரு பேர். துறைமுகத்துக்குக் கிட்ட, முன்பு மீன்வலை அடுக்கி வைத்திருந்த ஒரு கிட்டங்கியில் ஞாயிறுதோறும் கூடுவோம். மழை பெய்தால் சுவரிலிருந்து வலைநாற்றம் எழும்பும். போதகர் கிடையாது. முறைவைத்து ஆளுக்கொரு வாரம் வழிபாட்டை நடத்துவோம்.

எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. பிழை செய்தவர் கடவுளிடம் மட்டும் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது. யாருக்குச் செய்தாரோ அவரிடமே, எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். கேட்பவர் மன்னித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறுக்கே பேசாமல் கேட்டு முடிக்க வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களே வரும். இரவல் வாங்கிய தையல் மெசினின் ஊசியை முறித்தது, பாட்டில் சுருதி பிசகியவரை முறைத்துப் பார்த்தது, இப்படி.

பெரியது ஒன்று இருந்தது. அதை எவரும் தொடவில்லை. ஊர் இடம்பெயர்ந்து ஓடிய ஒரு நாளில், ஞானசேகரம் மாஸ்டர் தன்னுடைய வான் வண்டியில் ரூபி அன்ரியையும், நடக்க முடியாத அவருடைய தங்கச்சியையும் ஏற்றிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தார். வரவில்லை. இராணுவம் வீதியை மறித்துவிட்டது என்று பிறகு காரணம் சொன்னார். அன்ரி தங்கச்சியை ஒரு கைவண்டிலில் இருத்தி, அகதி முகாம்வரை தள்ளிக்கொண்டே போனார். இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு பத்து வருடமாக அன்ரி முன்வரிசைக் கதிரையில் இருப்பார், மாஸ்டர் கதவடியில் இருப்பார். ஒரு வார்த்தை இல்லை.

போர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. பேச்சுவார்த்தை நடந்தது. துவக்குகள் ஓய்ந்திருந்தன, காவலரண்கள் ஓயவில்லை. அந்த இடைவெளியில்தான் வெளிநாட்டில் இருந்து எங்கள் சபையைச் சேர்ந்த மார்கரெட் அம்மையார் என்ற போதகர் எங்களைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. கடல் கடந்து எங்களைத் தேடி ஒருவர் வருவது அதுதான் முதல் தடவை. வலைநாற்றம் போகச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம்.

"ஆர் மொழிபெயர்க்கிறது?" என்று ரூபி அன்ரி கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். என் கை தானாக உயர்ந்தது. (இன்றுவரை அந்தக் கையை நான் முழுதாக நம்புவதில்லை.)

பிரசங்கத்தை முன்கூட்டியே எழுதி அனுப்பும்படி அருமையான ஆங்கிலத்தில் ஒரு கடிதம் தட்டி அனுப்பினேன். எழுதிக் கிடைத்தால் அகராதியை வைத்துச் சமாளித்துவிடலாம் என்பது திட்டம். தான் எப்போதும் எழுதாமல் மனதிலிருந்தே பேசுவதாகப் பதில் வந்தது. அந்தக் கிழமை முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா அதைப் பக்தி என்று நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மையார் வந்து சேர்ந்தார். நெடிய உருவம், வெள்ளைத் தலைமுடி. வாகனம் ஓட்டி வந்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஜெமீல் நானா. உள்ளே வரச் சொல்லியும் அவர் மரியாதையாகக் கதவு நிலையில் சாய்ந்து நின்றுகொண்டார். நான் புதுச் சேலையில், அம்மையாருக்குப் பக்கத்தில்.

முதல் வசனம், "குட் மோர்ணிங்."

"காலை வணக்கம்" என்று கணீரென்று சொன்னேன். அம்மா திரும்பிச் சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். அன்றைய மொழிபெயர்ப்பில் பிழையில்லாத இடம் அது ஒன்றுதான்.

இரண்டாம் வசனத்தில் நான் மூழ்கினேன். தட்டெழுத்து இயந்திரத்தில் இடைவெளிக் கட்டை உடைந்துபோனால் கடிதம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அம்மையாரின் ஆங்கிலம். எங்கே ஒரு சொல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்றே பிடிபடவில்லை. அவர் இரண்டு நிமிடம் பேசிவிட்டு என்னைப் பார்த்தார். "கடவுள் நல்லவர்" என்றேன். சபை கொஞ்சம் குழம்பியது. அதைச் சரிக்கட்ட, அடுத்து அவர் சொன்ன ஒரு சின்ன வசனத்துக்கு நான் மூன்று நிமிடம் பேசினேன். அம்மையார் தமிழின் வளத்தை வியந்து பார்த்தார்.

பிறகு அவர் கையை இடுப்பளவுக்குத் தாழ்த்தி எதையோ காட்டிச் சிரித்தார். "இவவிடம் சின்ன வயதில் ஒரு நாய்க்குட்டி இருந்தது" என்றேன். அதைக் கட்டிப்பிடிப்பதுபோல் காட்டினார். "வெள்ளை நாய்க்குட்டி" என்று சேர்த்துக்கொண்டேன். கதவடியில் ஜெமீல் நானா கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டார். இருமல் என்று நினைத்தேன்.

திடீரென்று அம்மையாரின் முகம் மாறியது. குரல் தழுதழுத்தது. நாலு சொற்கள் மட்டும் என் காதில் விழுந்தன: லெஃப்ற், வெயிற்றிங், அஃப்ரெய்ட், நெவர் ரோல்ட். விட்டுவிட்டுப் போனது, காத்திருந்தது, பயம், சொல்லவேயில்லை. வலையில் வேறொன்றும் படவில்லை. அந்த நாலையும் வைத்துக்கொண்டு நான் சமைத்தேன்:

"ஒருநாள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் விட்டேன். அவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பயம். ஆனால் பயத்தினால்தான் போகவில்லை என்று இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை."

சத்தியமாக மாஸ்டரை நினைத்து நான் அதைச் சொல்லவில்லை. நாலு சொல்லைக் கோத்து வசனமாக்கித் தப்புவதற்கே என் மூளை போதவில்லை.

கதவடியில் ஒரு கதிரை தரையில் உராயும் சத்தம். ஞானசேகரம் மாஸ்டர் எழுந்து நின்றார்.

"ரூபி, ஆமி மறிக்கேல்லை" என்றார்.

ரூபி அன்ரி திரும்பவில்லை. ஆனால் முதுகு நிமிர்ந்தது.

"நான் சந்தி வரைக்கும் வந்தனான். ரோட்டில ஒரு குருவி இல்லை. செல் விழுகிற சத்தம் கேட்டுது. பயந்திட்டன். வானைத் திருப்பிக்கொண்டு போட்டன். ஆமி மறிச்சது எண்டு சொன்னது முழுப்பொய். உங்களுக்கும் சொன்னனான், என்ர மனுசிக்கும் சொன்னனான். இவ்வளவு தூரத்திலயிருந்து வந்து இந்த அம்மா தன்ர பிழையைச் சொல்லுறா. இஞ்ச இருந்துகொண்டு நான் சொல்லாமல் இருக்க ஏலாது."

அன்ரி மெல்லத் திரும்பினார். "முடிஞ்சுதோ?"

"ஓம்."

"அண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் ஒவ்வொரு வான் சத்தத்துக்கும் நான் வாசல் படலைக்கு ஓடினனான். தெரியுமோ?" அன்ரி கொஞ்சம் மூச்சு எடுத்தார். "இண்டைக்கு மன்னிக்க ஏலாது மாஸ்டர். ஆனா கேட்டிட்டன்."

மாஸ்டர் தலையாட்டிவிட்டு இருந்தார். அவருடைய மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? பெரிய வேலை செய்துமுடித்தவள்போல் கண்களைத் தாழ்த்திக்கொண்டு நின்றேன். மார்கரெட் அம்மையாரோ, தன் கதைக்கு இப்படி அழுகிற சனத்தை உலகில் வேறெங்கும் கண்டதில்லை என்ற முகத்தோடு நின்றார்.

தேநீர் நேரத்தில் பிடிபட்டேன். அம்மையார் என் கையைப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாக, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் கேட்டார்: நான் சொன்னதில் எது அந்த மனிதரை எழுப்பியது? என் கெட்ட காலம், அது மட்டும் முழுதாக விளங்கியது.

பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற ஜெமீல் நானா குனிந்து மெதுவாகச் சொன்னார். "தங்கச்சி, நான் ஏழு வருசம் ஹோட்டல்ல வெள்ளைக்காரரோட வேலை செஞ்சவன். அந்தம்மா சொன்னது கோதுமைப் பாண் கருகின கதை. சின்ன வயசில போறணை அடுப்பில பாணைச் சுட வச்சு விட்டுப்போட்டு விளையாடப் போயிட்டாவாம். தாய் அடிப்பா எண்டு பயந்து, வீட்டில காத்துக்கொண்டிருந்த தம்பியில பழியைப் போட்டாவாம். அவன்தான் அடி வாங்கினவன். தாய் மவுத்தாகும் வரைக்கும் உண்மையைச் சொல்லல்லியாம்."

மாஸ்டர் பத்து வருடம் சுமந்ததை நான் இட்டுக்கட்டிய ஒரு வசனத்தை நம்பி இறக்கியிருந்தார். வாயை மூடிக்கொண்டால் எவருக்கும் தெரியாது. ஜெமீல் நானா காட்டிக்கொடுக்கிற ஆளும் இல்லை. சொன்னால், மாஸ்டரை ஏமாற்றி வாக்குமூலம் வாங்கியவள் ஆவேன். ஆனால் சற்று முன்புதான் அந்த மனிதர் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்றிருந்தார். அதைப் பார்த்த பிறகு என்னால் றோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"எனக்கு இங்கிலீசு கேட்டால் விளங்காது" என்றேன். சத்தம் போதாமல் திரும்பவும் சொன்னேன். "மார்கரெட் அம்மா சொன்னது வேற. நான் சொன்னது எல்லாம் என்ர கற்பனை. மாஸ்டர், உங்களுக்குப் பிழை செய்திட்டன். அன்ரி, உங்களுக்கும். எல்லாருக்கும்."

விதிப்படி எவரும் குறுக்கிடவில்லை. அது எவ்வளவு கொடுமையான விதி என்று அன்றுதான் தெரிந்தது.

மாஸ்டர்தான் முதலில் பேசினார். "அவ சொல்லாததை நீ சொல்லியிருக்கலாம் பிள்ளை. ஆனா நான் செய்ததைத்தான் நான் சொன்னனான். அதில ஒரு சொல்லும் மாறாது."

ரூபி அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப அந்த வெள்ளை நாய்க்குட்டி?"

"அது... அவவின்ர தம்பி, அன்ரி."

முதலில் சிரித்தது அன்ரிதான். பிறகு மாஸ்டர். பத்து வருடத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. பிறகு கிட்டங்கியே சிரித்தது. ஜெமீல் நானா எல்லாவற்றையும் அம்மையாருக்குச் சொல்ல, அவர் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நாய்க்குப் பெயரும் வைத்துவிட்டாயா என்று என்னிடம் கேட்டார். "நோ" என்றேன். பிழையில்லாத ஆங்கிலம்.

சிரிக்காதவர் ஒருவர் இருந்தார். அம்மா. தட்டை வைத்துவிட்டு வெளியே போனார். வீடு வரும்வரை எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். படலையடியில் நின்று, "இருபத்தொரு பேருக்கு நீ சொல்லிப்போட்டாய். வீதிக்கு நான்தானே சொன்னனான்" என்றார். அன்றைக்கே, வெயில் தாழ முன், வீடு வீடாகப் போனார். பக்கத்து வீட்டு வேலியால் எனக்குக் கேட்டது: "என்ர பிள்ளைக்கு இங்கிலீசு கேட்டால் விளங்காதாம். நான்தான் பெரிசாச் சொல்லிப்போட்டன். ஆனா விளங்கேல்லை எண்டு சபைக்கு முன்னால சொல்லுற தைரியம் அவளுக்கு இருக்கு." என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த சான்றிதழ்களில் அதை விஞ்சியது இல்லை.

அடுத்த கூட்டத்தில், இனி வெளியாட்கள் வந்தால் யார் மொழிபெயர்ப்பது என்ற கேள்வி வந்தது. நான் கதிரைக்குள் ஒடுங்கினேன். "வதனிதான்" என்றார் ரூபி அன்ரி. "விழுந்த இடம் அவளுக்குத்தான் தெரியும். ஆனா விளங்காட்டிக் கையைத் தூக்க வேணும்." எல்லோரும் ஓம் என்றார்கள். மார்கரெட் அம்மையார் ஊருக்குப் போய், தன் குரலில் பேசிய ஒலிநாடாக்களை எனக்கு அனுப்பினார். அவற்றைத் தேயத் தேயக் கேட்டேன். அடுத்த விருந்தாளி பேசியபோது பதினொரு தடவை கை தூக்கினேன். பிரசங்கம் இரண்டு மணித்தியாலம் ஓடியது. ஒருவர்கூட எழும்பிப் போகவில்லை. பெரிய கோவில்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் உள்ள ஊரில், அந்த இருபத்தொரு பேரில் ஒருத்தியாக இருந்ததைவிட எனக்கு வேறு பெருமை இல்லை.

மாஸ்டரின் விஷயம் ஏழெட்டு மாதம் எடுத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டு முடிந்த கையோடு ரூபி அன்ரி எழுந்தார். கதவடியைப் பார்த்து, "மாஸ்டர், இப்ப ஏலும்" என்றார். உடனே உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். மாஸ்டர் கைலேஞ்சியைத் தேடிய தேடல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இன்று நான் மொழிபெயர்ப்பாளர். நீதிமன்றத்திலும் வைத்தியசாலையிலும் என் சொல்லை நம்பி ஆட்கள் நிற்கிறார்கள். நம்பாதவர்கள் என் வீட்டில் மட்டும்தான். போன மாதம் எண்பத்து நான்கு வயது அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் ஆங்கிலத்தில் விளக்கினார். "கருவாட்டை அடியோட நிப்பாட்டட்டாம் அம்மா" என்றேன்.

அம்மா கண்ணாடியை மூக்கில் இறக்கி என்னைப் பார்த்தார். காத்திருந்த வரிசைக்கே கேட்கும்படி, "டொக்டர் சொன்னதோ, நீ சொல்லுறியோ?" என்றார்.