நாக்கை மடித்துக் காட்டவும்

"நல்லா பாருங்க சார், மடியுதா?"

சொல்லிவிட்டுப் பச்சியப்பன் நாக்கை முழுசாக நீட்டினார். அறிவியல் ஆசிரியர் பிரபாகர் எட்டிப் பார்த்தார். நாக்கு தோசைக்கல் மாதிரி தட்டையாக இருந்தது. ஓரங்கள் சுருண்டு குழாய் ஆகும் அறிகுறியே இல்லை.

"மடியலைங்க."

"இவளுக்கும் மடியாது. காட்டு புள்ள."

மனைவி செல்லி நாக்கைக் காட்டவில்லை. கண்ணாலேயே எரித்தாள்.

தப்பு பிரபாகர் மேல்தான். பத்தாம் வகுப்புக்கு மரபியல் நடத்தியவர், நாக்கை மடிப்பது பெற்றோரிடமிருந்து வரும் பண்பு, வீட்டில் யாருக்கெல்லாம் மடிகிறது என்று அட்டவணை போட்டு வாருங்கள் என்றார். முப்பத்தெட்டு நோட்டுகள் வந்தன. இரண்டாவது நோட்டு, பச்சியப்பன் மகள் எழிலரசியுடையது. 'எனக்கு மடியும். அப்பாவுக்கு மடியாது. அம்மாவுக்கு மடியாது.' பிரபாகருக்கு உற்சாகம் தாங்கவில்லை. 'இப்படி இருக்க வாய்ப்பே இல்லை. அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரவும்' என்று சிவப்பு மையில் எழுதினார். மணி அடித்தது. மிச்ச நோட்டுகளைப் பீரோவில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

அப்பா கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் செல்லியையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"அது பாடத்துக்காகச் சுருக்கமா சொல்றதுங்க," என்றார் பிரபாகர். "நெசத்துல ஒரே ஒரு மரபணு முடிவு பண்ற சமாச்சாரம் இல்ல. அப்பா அம்மாவுக்கு மடியாம, பிள்ளைக்கு மடியறதும் உண்டு."

"அப்ப வாய்ப்பே இல்லைன்னு எதுக்குங்க எழுதுனீங்க?"

பிரபாகர் சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

"பாத்தியா, சாரே மறைக்கிறாரு!" என்று கத்தினார் பச்சியப்பன்.

"பதினாறு வருசமா இந்த மனுசங்கூட தக்காளிக் காட்டுல கெடந்து வேவுறேன் சார்," என்றாள் செல்லி. "நாக்கு மடியலையாம், என்னையச் சந்தேகப்படுது. நாலு மணி அரூர் பஸ்ஸுல எங்கம்மா வூட்டுக்குப் போறேன். இனி இந்த மனுசன் வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்."

பிரபாகர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வரி சிவப்பு மையால் ஒரு குடும்பம் பிரியப்போகிறது. மணி இரண்டரை.

"சார்..." என்றாள் எழிலரசி, கதவோரத்திலிருந்து.

"நீ சும்மா இரும்மா. பெரியவங்க பேசறோம்ல?" என்றவர், பச்சியப்பன் பக்கம் திரும்பினார். "உங்க சொந்தத்துல யாருக்காவது மடியுதான்னு பாத்துடலாங்க. வாங்க."

ஊருக்குள் போனார்கள். பச்சியப்பனின் அண்ணன் நீட்டினார், மடியவில்லை. இரண்டு தம்பிகள் நீட்டினார்கள், மடியவில்லை. வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக் கோவிந்தன், "இது என்னங்க பெரிய வித்தை?" என்று அழகாக மடித்துக் காட்டினான்.

பச்சியப்பன் அவன் சட்டையைப் பிடித்தார். "ஏன்டா, மோட்டார் ரிப்பேருன்னு சொல்லி எங்க வூட்டுக்கு எத்தனை தடவ வந்திருக்க?"

சட்டை கிழிந்தது. கூட்டம் சேர்ந்தது. பஞ்சாயத்துத் தலைவர் வெங்கடாசலம் பால் சொசைட்டி காம்பவுண்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஐயா, பாதிக்கு மேல ஜனங்களுக்கு நாக்கு மடியும்," என்று கெஞ்சினார் பிரபாகர். "இங்க இருக்கற ஆம்பளைங்களை மடிக்கச் சொல்லுங்க. இதெல்லாம் ஒரு சாட்சியே இல்லைன்னு எல்லாருக்கும் புரியும்."

கோவிந்தனின் கிழிந்த சட்டையைப் பார்த்த பிறகு எவன் மடிப்பான்? நாற்பது ஆண்களும் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். புகையிலை போட்டிருந்த ஒருவர், வாயைத் திறக்கப் பயந்து அதை விழுங்கியே விட்டார்.

"எனக்கும் மடியாது, எங்க வூட்டம்மாவுக்கும் மடியாது," என்றார் தலைவர் பெருமையாக. "இது மானமுள்ள ஊரு சார்."

"ஐயா, நான் ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள் எழிலரசி.

"வாயத் தொறந்தீனா பாரு," என்றார் பச்சியப்பன்.

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. செல்லி வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்திருந்த துணிப்பையைத் தூக்கினாள். பிரபாகருக்கு வேறு வழி தெரியவில்லை.

"இதோ பாருங்க! எனக்கும்தான் மடியும். இதுல என்ன இருக்கு?"

குழாய் போல மடித்து நாலா பக்கமும் காட்டினார்.

நாற்பது பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள். கோவிந்தன் மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டான்.

"சார் நம்ம ஸ்கூலுக்கு வந்து எத்தன வருசம் ஆச்சுங்க?" என்று மெதுவாகக் கேட்டார் தலைவர்.

"பதினாறு..."

"பத்தாவது படிக்கிற புள்ளைக்கு என்ன வயசு?"

"பதினஞ்சுங்க," என்று கூட்டம் எடுத்துக் கொடுத்தது.

"கணக்கு சரியா வருதே!" தலைவர் எழுந்து வேட்டியைத் தூக்கிக் கட்டினார். "நம்பி புள்ளைங்களை அனுப்புனா, இந்த வேலையா பாத்திருக்கீங்க? இன்னைக்கு முடிவு தெரியாம யாரும் வூட்டுக்குப் போவக் கூடாது. கேட்டைச் சாத்துங்கடா!"

பிரபாகர் பின்வாங்கினார். பச்சியப்பன் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். எழிலரசி ஓடிவந்து நடுவில் நின்று, அழுதுகொண்டே தன் நாக்கை நீட்டினாள். அப்பாவுடையதைப் போலவே தட்டையாக இருந்தது.

"எனக்கும் மடியாதுப்பா! நான் ஹோம்வொர்க்கே செய்யல, தலைவர் மவ ஐஸ்வர்யா நோட்டப் பாத்து அப்புடியே எழுதிட்டேன்!"